விதி யாருக்கு வளைகிறது?

(ஐரோப்பாவின் பொருளாதார நெருக்கடி பற்றி, மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

ஐரோப்பாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சில தோழர்களின் முகத்தில் ஒரு கேள்வி எழுந்ததைப் பார்த்தோம். "அது பணக்காரச் சீமை ஆயிற்றே! அங்கே தொழிலாளிக்கு என்ன குறை? நம் கூலியைப் பற்றிப் பேசாமல் சீமைக் கதை எதற்கு?" என்பதுதான் அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

திருப்பூர் பனியன் எங்கே போகிறது? அதில் ஒரு பெரும் பங்கு ஐரோப்பாவின் கடைகளுக்குப் போகிறது. 2022-லும் 2023-லும் அங்கே விலைவாசி ஏறியது. ஜனங்கள் துணி வாங்குவதைக் குறைத்தார்கள். இங்கே ஆர்டர் குறைந்தது, மெஷின்கள் நின்றன. அங்கே ஒரு தொழிலாளி தன் பையைத் தடவிப் பார்த்தால் இங்கே ஒரு தொழிலாளியின் அடுப்பு அணைகிறது. ஆகவே இது சீமைக் கதை அல்ல, நம் கதையும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. "கஜானாவில் பணம் இல்லை, சட்டம் இடம் கொடுக்கவில்லை, விதி அப்படி" என்று உழைப்பவனிடம் சொல்லும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. விதி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள். ஒன்று தலையெழுத்து. மற்றொன்று மனிதன் எழுதி வைத்த சட்டம். மனிதன் எழுதியதைத் தலையெழுத்தாகக் காட்டுவதிலே ஆளுகிறவர்கள் வல்லவர்கள். அந்த வித்தையை ஐரோப்பாவில் பார்ப்பதுபோல வேறெங்கும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

ஒரே உண்டியல், பல குடும்பங்கள்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பா தரைமட்டமாகியது. அதன் பிறகு 1951-ல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு தேசங்கள் நிலக்கரிக்கும் இரும்புக்கும் ஒரு கூட்டு ஏற்பாடு செய்துகொண்டன. 1957-ல் ரோம் நகரில் ஒப்பந்தம் போட்டு அதைப் பொதுச் சந்தையாக விரித்தார்கள். படிப்படியாக வளர்ந்து இன்று 27 தேசங்கள் கொண்ட ஐரோப்பிய யூனியனாக அது நிற்கிறது. ஒருவரோடொருவர் யுத்தம் செய்த தேசங்கள் ஒரே சந்தையில் உட்கார்ந்தது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை.

1992-ல் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் ஒரு புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எல்லோருக்கும் ஒரே நாணயம் என்று முடிவு செய்தார்கள். அதுதான் யூரோ. 1999-ல் அது கணக்கில் வந்தது. 2002 ஜனவரியில் நோட்டாகவும் காசாகவும் கைக்கு வந்தது. 2023-ல் குரோஷியா சேர்ந்தபோது யூரோ தேசங்களின் எண்ணிக்கை 20 ஆயிற்று.

ஒரே நாணயம் வைத்துக்கொள்ள ஒரு விதியும் எழுதினார்கள். எந்தச் சர்க்காரின் பட்ஜெட்டிலும் துண்டு விழுவது தேசத்தின் மொத்த உற்பத்தியில் 3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. மொத்தக் கடன் 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் மறக்காதீர்கள், தோழர்களே. கதை முழுவதும் இவற்றைச் சுற்றியே வரும்.

இதில் என்ன தப்பு? வீட்டுக் கணக்கை ஒழுங்காக வைப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்லுவோம். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே உண்டியல் வைத்துக்கொண்டன. ஒரு குடும்பத்துக்கு ஆற்றுப் பாசனம். இன்னொரு குடும்பத்துக்கு மானாவாரிப் புஞ்சை. உண்டியலின் சாவி பெரிய குடும்பத்தின் கைப்பக்கம் இருக்கிறது. மழை பொய்த்தால் புஞ்சைக்காரன் என்ன செய்வான்? உண்டியல் பொது; ஆனால் நஷ்டம் அவனவனுடையது. இதுதான் யூரோவின் அமைப்பு. நாணயத்தைப் பொதுவாக்கினார்கள், வரியையும், வேலையில்லாதவனுக்குத் தரும் உதவியையும் பொதுவாக்கவில்லை.

சொந்த நாணயம் உள்ள தேசம் கஷ்ட காலத்தில் அதன் மதிப்பைக் குறைக்கலாம். 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதிலும் வேதனை உண்டு. இறக்குமதிச் சரக்கின் விலை ஏறும். ஆனால் நம் சரக்கு வெளியே மலிவாகும், ஏற்றுமதிக்கு வழி பிறக்கும். யூரோவில் சேர்ந்த தேசத்துக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. சரக்கை மலிவாக்க அதற்கு ஒரே வழிதான் மிச்சம். நாணயத்தைக் குறைக்க முடியாதவன் கூலியைக் குறைக்கிறான்!

கிரீசுக்குக் கொடுத்த மருந்து

இந்த மருந்தை முழுக் குப்பியும் குடித்த தேசம் கிரீஸ்.

2009 அக்டோபரில் அங்கே ஒரு புதிய சர்க்கார் வந்தது. பழைய சர்க்கார் காட்டிய கணக்கு பொய்க் கணக்கு, துண்டு விழுந்தது சொன்னதைவிடப் பல மடங்கு என்று அது வெளியிட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. கிரீஸின் ஆளும் கூட்டம் பொய் சொன்னது உண்மை. பணக்காரர்கள் வரி கட்டாமல் தப்பியது உண்மை. ஆனால் கடன் கொடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டா கொடுத்தான்? பிரெஞ்சு பாங்கிகளும் ஜெர்மன் பாங்கிகளும் வட்டிக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தன. அந்தப் பணம் முழுவதும் கிரேக்கத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகவில்லை. திருப்பிக் கட்டும் பாரம் மட்டும் அவன் வீட்டுக்கு வந்தது.

2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடன் தருவதாக அறிவித்தார்கள். ஐரோப்பியக் கமிஷன், ஐரோப்பிய மத்திய பாங்கி, சர்வதேச நிதி ஸ்தாபனம் ஆகிய மூவரும் சேர்ந்து நிபந்தனை போட்டார்கள். அந்தக் கடனில் பெரும் பகுதி பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவும், பாங்கிகளைத் தூக்கி நிறுத்தவுமே போயிற்று. கிரீஸைக் காப்பாற்றினோம் என்றார்கள். உண்மையில் கிரீஸுக்குக் கடன் கொடுத்தவர்களைக் காப்பாற்றினார்கள்.

நிபந்தனைகள் என்ன? பென்ஷனை வெட்டு. ஆஸ்பத்திரிச் செலவை வெட்டு. பொதுச் சொத்தை விற்பனைக்கு வை. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக, அதாவது 22 சதவிகிதம் வெட்டினார்கள். 25 வயதுக்குட்பட்ட இளம் தொழிலாளிக்கு 32 சதவிகித வெட்டு!

பலன் என்ன? 2013-ல் வேலை தேடுகிற 100 பேரில் 27 பேருக்கு வேலை இல்லை. இளைஞர்களில் பாதிக்கு மேல் சும்மா நின்றார்கள். தேசத்தின் உற்பத்தியில் கால் பங்கு அழிந்தது. கடனாவது குறைந்ததா? 2009-ல் உற்பத்தியில் 127 சதவிகிதமாக இருந்த கடன் 2018-ல் 180 சதவிகிதத்தைத் தாண்டியது. நோயாளி மெலிந்தான், நோய் கொழுத்தது. தம்முடைய முதல் வைத்தியத்தில் பெரும் தவறுகள் நேர்ந்ததாகச் சர்வதேச நிதி ஸ்தாபனமே 2013-ல் ஒப்புக்கொண்டது. தவறு செய்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெட்டிய சம்பளத்தைத் திருப்பித் தரவில்லை.

2015 ஜூலை 5-ந் தேதி கிரேக்க மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இந்த நிபந்தனைகள் வேண்டாம் என்று 61 சதவிகிதம் பேர் சொன்னார்கள். எட்டே நாளில் மூன்றாவது கடன் ஒப்பந்தம் தலையில் கட்டப்பட்டது. பிரேயஸ் துறைமுகம் 2016-ல் சீனக் கப்பல் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. 2018-ல் கடன் திட்டம் முடிந்தது. இன்று கடன் விகிதம் குறைகிறது, பட்ஜெட்டில் உபரி இருக்கிறது என்று மெச்சுகிறார்கள். ஆனால் 2025 அக்டோபரில் அந்நாட்டுப் பார்லிமெண்ட் என்ன சட்டம் செய்தது தெரியுமா? தனியார் தொழிலில் ஒரே முதலாளியிடம் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை வேலை வாங்கலாம் என்று! வருஷத்தில் 37 நாள்தான், தொழிலாளி சம்மதித்தால்தான், கூடுதல் கூலியும் உண்டு என்று சொன்னார்கள். சம்பளம் போதாதவனின் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்பது மில் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். கிரேக்கத் தொழிலாளர்கள் பொது வேலை நிறுத்தம் செய்தார்கள்.

வளைந்த விதி

விதி என்றால் விதிதானே, எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்.

2003-ல் 3 சதவிகிதக் கோட்டைத் தாண்டியவர்கள் யார்? ஜெர்மனியும் பிரான்சும். அவ்விதியை எழுதுவதில் முன்னின்றவர்களே! அந்த நவம்பரில் நிதி மந்திரிகள் கூடி, அவர்கள் மீதான நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். முதல் வளைவு.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் பாங்கி கவிழ்ந்தது. ஐரோப்பியப் பாங்கிகளும் ஆடின. அந்த அக்டோபரிலிருந்து 2011 வரை பாங்கிகளுக்கு உதவ ஐரோப்பியக் கமிஷன் அனுமதித்த தொகை நாலரை லட்சம் கோடி யூரோ! அனுமதித்த தொகை முழுவதும் செலவாகவில்லை. ஆனால் அனுமதி கிடைத்ததே! அயர்லாந்து சர்க்கார் தன் பாங்கிகளின் கடனுக்கெல்லாம் தானே ஜாமீன் நின்றது; இரண்டு வருஷத்தில் தானே கடனுக்குக் கையேந்தியது. இரண்டாம் வளைவு.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. விதியை நிறுத்தி வைத்தார்கள். 75,000 கோடி யூரோவுக்கு முதல் தடவையாகப் பெரிய அளவில் கூட்டாகக் கடன் வாங்கி நலிந்த தேசங்களுக்கும் பங்கிட்டார்கள். இது நல்ல வளைவு, சொல்லத்தான் வேண்டும். மனம் இருந்தால் வழி உண்டு என்பதை அது காட்டியது. பத்து வருஷத்துக்கு முன்னால் கிரீஸிடம் "முடியவே முடியாது" என்று சொன்னதை அன்று செய்தார்கள். ஆக, முடியாதது அல்ல, செய்யாததே!

2024-ல் விதி மீண்டும் அமுலுக்கு வந்தது. 2025 மார்ச்சில் மறுபடி வளைந்தது. எதற்காக? ஆயுதத்துக்காக! 80,000 கோடி யூரோ வரை ராணுவத்துக்குத் திரட்டும் திட்டத்தை ஐரோப்பியக் கமிஷன் வைத்தது. அதில் 65,000 கோடி, பட்ஜெட் விதியைத் தளர்த்துவதால் வரும் பணம். அதே மாதம் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. 2009-ல் அந்தச் சட்டத்தில் கடனுக்கு ஒரு தடை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் பணம் கேட்ட போதெல்லாம் அந்தத் தடையைக் காட்டினார்கள். இப்போது உற்பத்தியில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகும் ராணுவச் செலவுக்குத் தடை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ரயில், பாலம் போன்றவற்றுக்கும் 50,000 கோடி யூரோ நிதி ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றுக்கு உச்ச வரம்பு உண்டு; மற்றதற்கு வரம்பே இல்லை.

அந்த ஆகஸ்டில் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் பேசினார். இன்றைய அளவிலான சமூகநலச் செலவை நம் பொருளாதாரம் தாங்காது என்றார். மார்ச்சில் தாங்கிய முதுகு ஆகஸ்டில் ஏன் வலிக்கிறது?

பிரான்சில் அந்த ஜூலையில் பிரதம மந்திரி பேய்ரு ஒரு யோசனை சொன்னார். பட்ஜெட்டில் சுமார் 4,400 கோடி யூரோ மிச்சம் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பொது விடுமுறைகளை எடுத்துவிட வேண்டும் என்றார். அவர் சுட்டிய இரண்டில் ஒன்று மே 8. ஹிட்லரின் படை சரணடைந்த நாள்! செப்டம்பர் 8-ந் தேதி அவருடைய சர்க்கார் பார்லிமெண்டில் கவிழ்ந்தது.

உலகம் மாறிவிட்டது

தோழர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவின் கஷ்டங்கள் எல்லாம் விதியால் மட்டும் வந்தவை அல்ல. உலகமே மாறிவிட்டது. பழைய ஏற்பாடுகள் இற்றுப் போயின.

ஜெர்மனியின் தொழில் மூன்று கால் முக்காலி போல நின்றது. ஒரு கால், ரஷ்யாவிலிருந்து குழாயில் வந்த மலிவான எரிவாயு. இரண்டாவது, ஜெர்மன் காரையும் யந்திரத்தையும் வாங்கிக் குவித்த சீனச் சந்தை. மூன்றாவது, அமெரிக்காவின் ராணுவக் குடையும் அதன் திறந்த சந்தையும். நான்கே வருஷத்தில் மூன்று காலும் ஆடிவிட்டன.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. அதற்கு முன் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. அது நின்றது. 20 யூரோ அளவில் விற்ற எரிவாயு அந்த ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. ஐரோப்பா பணம் உள்ள கை. கடலில் வந்த எரிவாயுக் கப்பல்களை என்ன விலைக்கும் வாங்கியது. பணம் இல்லாத வங்காள தேசமும் பாகிஸ்தானும் வாங்க முடியாமல் இருட்டில் கிடந்தன. பணக்காரன் வீட்டில் விலை ஏறினால் ஏழை வீட்டில் விளக்கு அணைகிறது.

2022 அக்டோபரில் யூரோ தேசங்களில் விலைவாசி ஒரே வருஷத்தில் 10.6 சதவிகிதம் ஏறியிருந்தது. உடனே ஒரு குரல் எழுந்தது: "சம்பளத்தை உயர்த்தாதீர்கள், விலை இன்னும் ஏறும்!" உண்மை என்ன? 2022 தொடக்கம் முதல் ஏறிய விலையில் கிட்டத்தட்டப் பாதி, கம்பெனிகளின் லாபம் ஏறியதால் வந்தது என்று சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் நிபுணர்களே 2023-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். விலையின் பின்னால் மூச்சிரைக்க ஓடியது சம்பளம். முன்னால் ஓடியது லாபம். ஆனால் மத்திய பாங்கி எடுத்த மருந்து வட்டி. பூஜ்யத்துக்குக் கீழே இருந்த வட்டியை 14 மாதத்தில் 4 சதவிகிதத்துக்கு ஏற்றினார்கள். கடன் வாங்கி வீடு கட்டியவன் கலங்கினான், பாங்கிகள் கொழித்தன.

சீனா இன்று வாங்குகிற தேசம் மட்டும் அல்ல, விற்கிற தேசம். 2023-ல் சீனச் சந்தையில் வோல்க்ஸ்வாகனை முந்திக்கொண்டு பி.ஒய்.டி. என்ற சீனக் கம்பெனி முதலிடம் பிடித்தது. மின்சாரக் கார் ஐரோப்பாவுக்கே வந்து இறங்கியது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய யூனியன், இருந்த 10 சதவிகிதச் சுங்க வரிக்கு மேலே 35 சதவிகிதம் வரை கூட்டியது.

அமெரிக்காவோ? 2025 ஜூலை 27-ந் தேதி ஐரோப்பியக் கமிஷனின் தலைவி ஸ்காட்லாந்துக்குப் போய், டிரம்ப்பின் சொந்த கோல்ஃப் மைதானத்திலே அவரைச் சந்தித்தார். பெரும்பாலான ஐரோப்பியச் சரக்குக்கு 15 சதவிகித வரி என்று ஒத்துக்கொண்டார். அதோடு 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குவோம் என்றும் வாக்குக் கொடுத்தார். ஒரு வீட்டுக்காரனிடம் எரிவாயுவுக்குக் கைகட்டி நின்றவர்கள், வீடு மாறிப் போய் இன்னொரு வாசலில் கைகட்டி நிற்கிறார்கள்.

ஆலை வாசலில்

இந்த மாறுதலின் பாரம் யார் தோளில் ஏறியது?

2024-ல் வோல்க்ஸ்வாகன் கம்பெனி, ஜெர்மனியில் மூன்று ஆலைகளையாவது மூடுவோம், சம்பளத்தை 10 சதவிகிதம் வெட்டுவோம் என்று கிளம்பியது. 1937-ல் ஆரம்பித்த கம்பெனி. அதுவரை அந்நாட்டில் ஒரு ஆலையையும் அது மூடியதில்லை. அதே 2024-ல் பங்குதாரர்களுக்குச் சுமார் 450 கோடி யூரோ லாபப் பங்கு கொடுத்திருந்தது! டிசம்பரில் சுமார் ஒரு லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். முடிவில் உடனடி மூடல் இல்லை, கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தமாயிற்று. ஆனால் 2030-க்குள் 35,000 வேலை இடங்கள் ஓய்வு, விலகல் வழியாக மறைந்துவிடும். போராடினார்கள், பாதி காத்தார்கள், பாதி இழந்தார்கள். அதுதான் உண்மை.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆடி கார் ஆலையை 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். 3,000 பேர் வேலை போயிற்று. அங்கே செய்தது மின்சாரக் கார்தான். "புதிய தொழில் வந்தால் புதிய வேலை வரும்" என்று சொன்னவர்கள் அந்த வாசலில் போய் நின்று பதில் சொல்லட்டும்.

ஐரோப்பிய யூனியனை விட்டு 2020-ல் விலகிய பிரிட்டனிலும் இதே கதை. வேல்ஸில் போர்ட் டால்பட் இரும்பு ஆலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30-ந் தேதி அணைத்தார்கள். புகை குறைந்த மின்சார உலை வரப்போகிறது, அது வேண்டியதுதான். ஆனால் அதற்குச் சர்க்கார் 50 கோடி பவுன் கொடுத்தும் 2,000-க்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். ஆலையின் சொந்தக்காரர் யார்? நம் இந்தியாவின் டாட்டா கம்பெனி! மூலதனத்துக்குத் தேசம் இல்லை, தோழர்களே. வெள்ளைக்கார முதலாளி கறுப்புத் தொழிலாளியைச் சுரண்டும் காலம் மட்டும் அல்ல இது. இந்திய முதலாளி வெள்ளைத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் காலமும் கூட.

வயல் வரப்பில்

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, உங்கள் பக்கம் வருவோம்.

ஜெர்மனியில் 2023 நவம்பரில் அரசியல் சட்டக் கோர்ட்டு அந்தக் கடன் தடையைக் காட்டி, சர்க்கார் ஒதுக்கியிருந்த 6,000 கோடி யூரோவைச் செல்லாது என்றது. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. அதை எதை வைத்து அடைத்தார்கள்? விவசாயிகளின் டீசல் சலுகையை வெட்டி! 2024 ஜனவரியில் ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் பெர்லின் நகரை நிரப்பின. பிரான்சிலும், போலந்திலும், பெல்ஜியத்திலும் டிராக்டர்கள் சாலைக்கு வந்தன.

ஐரோப்பிய யூனியன் தன் பட்ஜெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கை விவசாயத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் நேரடி மானியத்தில் 80 சதவிகிதம் 20 சதவிகிதம் பேருக்கே போகிறது. ஏனென்றால் மானியம் பெரும்பாலும் நிலத்தின் அளவைப் பார்த்து வருகிறது. நிலம் பெரிதானால் பணம் பெரிது. நிலமே இல்லாமல் அறுவடை செய்கிறவனுக்கு?

அவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ரோம் நகருக்குத் தெற்கே லத்தீனா என்ற ஜில்லா. காய்கறி, பழம் விளைகிற பூமி. பஞ்சாபிலிருந்து போன ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அங்கே கூலி வேலை செய்கிறார்கள். நம் ஊர் மேஸ்திரி, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி அங்கேயும் ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள் உண்டு. 2024 ஜூனில் ஓர் இளம் பஞ்சாபித் தொழிலாளியின் கை யந்திரத்தில் சிக்கித் துண்டாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியவர்கள் அவரை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழக் கூடையில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அவர் இறந்தார். முறையான வேலைப் பத்திரம் எதுவும் அவருக்கு இல்லை. இத்தாலியத் தொழிற்சங்கங்களும் இந்தியத் தொழிலாளர்களும் சேர்ந்து அந்நகரத் தெருவில் நடந்தார்கள்.

"வெளிநாட்டுக்காரன் வந்துதான் உன் வேலை போயிற்று" என்று ஐரோப்பாவில் இன்று ஒரு கூட்டம் கூவித் திரிகிறது. 2025 பிப்ரவரியில் ஜெர்மன் தேர்தலில் அத்தகைய கட்சி 20.8 சதவிகித வாக்கு வாங்கி இரண்டாம் இடம் பிடித்தது. ஆடி ஆலையை மூடியது எந்தப் பஞ்சாபி? எரிவாயு விலையை ஏற்றியது எந்த அகதி? வயிறு எரிகிறவனுக்குக் காரணம் சொல்லாவிட்டால் பொய்க் காரணம் சொல்லுகிறவன் அவனைப் பிடித்துக்கொள்வான். இது ஐரோப்பாவுக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல.

வேறு வழி இல்லையா?

"எல்லாம் சரி, வேறு வழிதான் என்ன?" என்று கேட்பீர்கள். ஸ்பெயினைப் பாருங்கள்.

2012-ல் கிரீஸ் குறைந்தபட்சச் சம்பளத்தை 22 சதவிகிதம் வெட்டியது என்றோம். 2019-ல் ஸ்பெயின் அதே சம்பளத்தை 22 சதவிகிதம் உயர்த்தியது! ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் சேர்த்து உயர்த்தியது. வேலைகள் அழிந்துவிடும் என்று பெரிய பொருளாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். அதற்குப் பிறகும் உயர்த்திக்கொண்டே வந்து, 2018-ல் 736 யூரோவாக இருந்தது 2025-ல் 1,184 ஆயிற்று. 2021 கடைசியில் தற்காலிக ஒப்பந்த வேலையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பாங்கிகளின் மீதும் எரிசக்திக் கம்பெனிகளின் மீதும் தனி வரி போட்டார்கள்.

பலன்? 2018 கடைசியில் 100-க்கு 14-க்கு மேல் இருந்த வேலையின்மை 2024 கடைசியில் 11-க்குக் கீழே இறங்கியது. 2023, 2024 இரண்டு வருஷமும் ஜெர்மனியின் உற்பத்தி சுருங்கியது. ஸ்பெயினின் உற்பத்தி வளர்ந்தது. இதற்குச் சம்பள உயர்வு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். சுற்றுலா, வெளிநாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள், கொரோனாக் காலத்துக் கூட்டுக் கடன் நிதி, எல்லாம் கை கொடுத்தன. அங்கேயும் குறை உண்டு. வீட்டு வாடகை ஏறி இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போடுகிறார்கள். ஆனால் ஒன்று நிரூபணமாயிற்று: கூலியை உயர்த்தினால் தேசம் கவிழ்ந்துவிடும் என்பது வேதவாக்கு அல்ல.

தொழிலில் பணம் போட வேண்டும் என்பதை ஆளுகிறவர்களும் மறுக்கவில்லை. மத்திய பாங்கியின் பழைய தலைவர் டிராகி 2024 செப்டம்பரில் ஒரு அறிக்கை கொடுத்தார். ஐரோப்பா பின்தங்காமல் இருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ கூடுதலாக முதலீடு வேண்டும் என்றார். பணம் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எங்கிருந்து எடுப்பது, எதில் போடுவது, யார் தீர்மானிப்பது என்பதிலேதான் சண்டை. பென்ஷன்காரனிடம் எடுத்துப் பீரங்கியில் போடுவதா? கொள்ளை லாபத்திலிருந்து எடுத்து ரயிலிலும், மலிவான மின்சாரத்திலும், ஆஸ்பத்திரியிலும் போடுவதா? ஐரோப்பாவின் முன்னுள்ள கேள்வி இதுதான்.

பிரெஞ்சுத் தொழிலாளிகள் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். 2023-ல் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கியபோது லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பார்லிமெண்டின் வாக்கெடுப்பைத் தாண்டி அந்தச் சட்டத்தைத் திணித்தார்கள். தோற்றார்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். 2025 கடைசியில், அதே சட்டத்தை 2027 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகுவரை நிறுத்தி வைக்கச் சர்க்கார் இணங்க வேண்டி வந்தது. முழு வெற்றி அல்ல. ஆனால் வளையாது என்று சொன்ன விதி வளைந்ததே!

தோழர்களே, நாம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அடுத்த தடவை யாராவது உங்களிடம் வந்து "விதி இடம் கொடுக்கவில்லை" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். தலை குனியவும் வேண்டாம். நிதானமாகக் கேளுங்கள்: இந்த விதியை எழுதியது யார்? சென்ற தடவை இது யாருக்காக வளைந்தது? இந்தத் தடவை நமக்கு ஏன் வளையவில்லை?

கிரீஸின் 586 யூரோவும், போர்ட் டால்பட்டில் அணைந்த உலையும், லத்தீனாவில் பழக் கூடையில் கிடந்த கையும் யாருடைய தலையெழுத்தும் அல்ல. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் எழுதியவை. மனிதர்கள் எழுதியதை மனிதர்கள் திருத்தி எழுதலாம். அந்த மேஜையில் உழைப்பவனுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதை யாரும் இழுத்துப் போட்டு உட்காரச் சொல்ல மாட்டார்கள். நாமேதான் இழுத்துப் போட்டு உட்கார வேண்டும்.